நீலகிரிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பட்டப்படிப்பு: சேர்வது முதல் ஆய்வேடு வரை

ஊட்டியை அடுத்த க்ளென்மார்கனில் அருகருகே இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகள் உள்ளன. ஊட்டியில் இயங்கும் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் 1968 முதல் இரண்டிலும் ஓடைநீரை அளந்து வந்தது. 1972-இல் ஒன்றில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். மற்றதைப் புல்வெளியும் சோலையுமாக (சோலை என்பது மலைப் பள்ளங்களில் இயற்கையாக வளரும் பசுமைக்காடு) அப்படியே விட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கம் ஓடைநீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டி, அடிமரத்தில் மறுபடி துளிர்க்க விட்ட அடுத்த பத்தாண்டில் 25 சதவீதம் குறைந்தது.

இதுவரை நீரியல். ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை. ஆஸ்திரேலிய மரம் இந்த மலைக்கு ஏன் வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களின் குளிர்கால விறகுத் தேவை முதல் காரணம். சுதந்திரத்துக்குப் பிறகு சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இங்கிருந்து மரம் போனது. அந்த ஆலையின் கழிவு பவானியில் கலந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் போராடினார்கள். இன்று மரத்தை அகற்றலாம் என்றால், அந்தக் காட்டில் விறகு பொறுக்குகிற பெண்களின் அடுப்பு என்ன ஆகும்? ஒரே மரத்துக்குள் வரலாறு, வேதியியல், பொருளாதாரம், சட்டம், கூலி வேலை எல்லாம் இருக்கின்றன. இவற்றை ஒரே கேள்வியின் கீழ் கொண்டுவந்து படிப்பதுதான் பல்துறைச் சுற்றுச்சூழல் படிப்பு.

மரம் நடுவதும் பிளாஸ்டிக் பொறுக்குவதும் போஸ்டர் ஒட்டுவதும் நல்ல காரியங்கள். அவை இந்தப் படிப்பு அல்ல. எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிற எளிதான பட்டம் என்று நினைத்து வருகிறவர்களும் ஏமாந்து போவார்கள். ஒரு பாடத்தில் ஆழம், ஓர் இடத்தோடு நீண்ட பழக்கம், இந்த இரண்டும் இல்லாமல் பல துறைகளைப் படிப்பது கையில் நிற்காது. கீழே சொல்வதெல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வருபவைதான்.

முதலில், எந்தப் பட்டம்?

எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் இளநிலையில் சுற்றுச்சூழல் என்று ஒரு கட்டாயத் தாள் வரும். 1991-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் தொடர்ச்சி அது. அந்தத் தாளை வைத்து இந்தத் துறையை எடைபோடாதீர்கள்.

பட்டங்கள் மூன்று வகை. சுற்றுச்சூழல் அறிவியல் என்றால் நீர், மண், காற்று, உயிரினம், ஆய்வகம். சுற்றுச்சூழல் பொறியியல் என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு, குப்பை மேலாண்மை, வடிவமைப்பு. மூன்றாவது வகையில் இயற்கை அறிவியலோடு சமூகவியல், பொருளாதாரம், சட்டம், வரலாறு ஆகியவையும் சமமான இடத்தில் இருக்கும். பெயரைப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்க முடியாது. பாடத்திட்டத்தை இறக்கி, கடைசி இரண்டு செமஸ்டரைப் பாருங்கள். களப்பணிக்கும் ஆய்வேட்டுக்கும் எவ்வளவு மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அந்தத் துறையின் மனப்போக்கைக் காட்டிவிடும்.

நீலகிரியில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்கிற வழி இது: இளநிலையில் ஒரு துறையை உறுதியாகப் படியுங்கள், முதுநிலையில் பல்துறைக்குப் போங்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், புவியியல், பொருளாதாரம் எதுவானாலும் சரி. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலும் வனவுயிரியலும் சேர்ந்த துறையே இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் பட்டம் இருக்கிறது. முதுநிலைக்குக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறை, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை, டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் பள்ளி ஆகியவற்றைப் பாருங்கள். சமூக அறிவியல் பக்கம் சாய்வு உள்ளவர்கள் டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தையும் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம்.

இப்படிச் சொல்வதற்கு வேலை சார்ந்த ஒரு காரணமும் உண்டு. இந்திய வனப்பணித் தேர்வு எழுத, பட்டத்தில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பட்டத்தின் பெயரில் சுற்றுச்சூழல் என்று இருப்பது மட்டும் அங்கே போதாது. தமிழக அரசுப் பணிகளிலும் புதுப் பெயருள்ள பட்டங்களுக்கு இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில், ‘இந்தப் பட்டம் எதற்கு இணை, அரசாணை எண் என்ன’ என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

நேரடியாகவே பல்துறை இளநிலையில் சேர விரும்புகிறவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் அதற்குள் ஒரு பாடத்தை முதுகெலும்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விருப்பப் பாடங்களை எல்லாம் ஒரே திசையில் எடுத்தால் அது நடக்கும்.

பணமும் சான்றிதழும்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பயமுறுத்தும். ஆனால் சிலவற்றில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். கட்டணப் பட்டியலைப் பார்த்ததும் ஒதுங்கிவிடாமல், உதவித்தொகைப் பக்கத்தையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் வழியாக வர வேண்டும். விசாரணை, பரிந்துரை என்று நாள் இழுக்கும். பிளஸ் டூ தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் பொங்கலுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கும் இதே கதைதான்.

முதல் ஆண்டு: கருவிகள்

முதல் ஆண்டில் நான்கு விஷயங்களில் கை பழக வேண்டும். புள்ளியியல், வரைபடம், ஆங்கிலக் கட்டுரை வாசிப்பு, ஒரு சமூக அறிவியல் பாடம்.

புள்ளியியலை ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம். க்ளென்மார்கன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 சதவீதம் குறைந்தது என்றால் எதோடு ஒப்பிட்டு? மழை குறைந்த ஆண்டில் இரண்டு ஓடையுமே வற்றியிருக்குமே? மரம் நடுவதற்கு முன் சில ஆண்டுகள் இரண்டு ஓடைகளையும் சேர்த்தே அளந்தது இதற்காகத்தான். ஒன்று எப்படி ஓடினால் மற்றது எப்படி ஓடும் என்ற உறவு முதலில் தெரிந்தது. பிறகு வந்த வேறுபாட்டை மரத்தின் கணக்கில் வைக்க முடிந்தது. இந்த ஒரு யோசனை பிடிபட்டால் புள்ளியியலில் பாதி பயம் போய்விடும். ஆர் என்ற மென்பொருள் இலவசம். ஸ்வயம், என்பிடெல் தளங்களில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

வரைபடத்துக்குக் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படம் கிடைக்கும். முதல் பயிற்சியாக உங்கள் ஊரையே வரையுங்கள்: தேயிலை, வீடு, ஓடை, சோலை, சீகை (வாட்டில்) மரக்காடு. கணினியில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடல்ல என்பதை நீலகிரிப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலையும் சீகையும் சோலையும் மேலிருந்து ஒரே பச்சைதான். நீங்கள் நடந்து பார்த்த இடம் என்பதால், படம் எங்கே பிசகுகிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் படிப்பில் மலைப் பிள்ளைகளுக்கு இருக்கிற பெரிய பலம் அது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைகள் முதலில் மலைப்பாக இருக்கும். முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் சுருக்கம், அடுத்து அட்டவணையும் படங்களும், பிறகு எப்படி அளந்தார்கள் என்ற பகுதி. கடைசியாக மற்றவை. படித்து முடித்ததும் ஐந்தாறு வரியில் தமிழில் எழுதுங்கள். வீட்டில் அம்மாவுக்கோ தம்பிக்கோ சொல்லிப் புரியவைக்க முடிகிற அளவுக்கு எழுத வந்தால் கட்டுரை உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் ஆண்டுக்குள் உங்களுக்கென்று ஓர் இடம் அமைந்துவிட வேண்டும். ஒரு ஓடை, ஒரு சதுப்பு, ஒரு தேயிலைச் சரிவு. போய் வரச் செலவில்லாத இடமாகப் பாருங்கள். ஒரே இடத்தை எல்லாப் பருவத்திலும் பார்ப்பதற்கு ஈடான பாடம் வகுப்பில் கிடையாது.

நம் மலையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் இங்கே மழை ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவாக வரும். 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அந்த மழையில்தான். சீகூர், மாயாறு பக்கம் மழைமறைவு, முட்காடு. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை வேறுபாடு. ‘நீலகிரியில் மழை குறைந்துவிட்டது’ என்று யாராவது எழுதினால், எந்தச் சரிவில், எந்தப் பருவத்தில் என்று கேட்கிற பழக்கம் உங்களுக்கு வர வேண்டும்.

பலருக்குத் தோன்றாத ஓர் ஆதாரத்தைச் சொல்கிறேன். பழைய தேயிலை எஸ்டேட்டுகளில் தினசரி மழையைக் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. மேலாளரிடம் கல்லூரிக் கடிதத்தோடு போய்ப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பல பத்தாண்டு மழைக்கணக்கு ஒரு நோட்டுப் புத்தக அடுக்கில் கிடைக்கலாம். அதைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நீங்களே முன்வந்தால் அவர்களுக்கும் பயன்.

காட்டுக்குள் ஆய்வு செய்ய, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். முதுமலை, முக்குருத்தி பற்றிய எண்ணம் இருந்தால் ஓராண்டுக்கு முன்பே உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் எழுதத் தொடங்குங்கள். அனுமதியில்லாமல் ‘சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று உள்ளே போகவே கூடாது. இளநிலை மாணவருக்குக் காட்டுக்கு வெளியே ஏராளமான வேலை இருக்கிறது: ஊர்ச் சதுப்புகள், தேயிலைக்கு நடுவே எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகள், குப்பைக் கிடங்குகள், காட்டுமாடு இறங்கி வரும் தோட்டங்கள். எங்கே போனாலும் உள்ளூர் ஆள் ஒருவர் துணையோடு போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் பற்றி அன்று காலையில் ஊர்க்காரர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மனிதர்களிடம் கற்பது

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு நலிவுற்ற பழங்குடியினரும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். படுகர் ஊர்களான ஹட்டிகள் இருக்கின்றன. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, டான்டீ எனும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே சரிவை இவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு உரிமையோடும் நினைவோடும் பார்க்கிறார்கள். ‘உள்ளூர் மக்களின் கருத்து’ என்று ஒரே வரியில் எழுதுகிற ஆய்வேட்டை நான் நம்புவதில்லை.

பேட்டிக்குப் போனால் சுற்றுச்சூழல் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடப் பதில்தான் வரும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். இந்த ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் எடுப்பீர்கள், பச்சைத் தேயிலை விலை விழுந்த வருஷம் நிலத்தில் என்ன மாற்றினீர்கள், காய்கறித் தோட்டத்துக்கு மருந்து எத்தனை நாளுக்கு ஒரு முறை? பதில்கள் தானாக விரியும். இலை பறிக்கிற அக்காக்களிடம் எடை போடுகிற நேரத்தில் போய் நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை போங்கள். படுகு மொழியோ பணியர் பேச்சோ தெரிந்தவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். வெளியூர் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் பழகியும் பெற முடியாத ஒன்று அது.

தோடர் குடியிருப்புகளான மந்துகளில் கோயிலின் அருகே எதுவரை போகலாம் என்பதை அவர்கள் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துச் செடி அறிவைச் சம்மதமில்லாமல் எழுதவோ பதிவேற்றவோ கூடாது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் இருந்தே இருக்கிறது. பாறு கழுகின் கூடு, அரிய ஆர்க்கிட் இருக்கும் இடம் போன்றவற்றின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

தீர்ப்பும் அரசாணையும் பாடநூல்தான்

இந்திய வனச்சட்டத்தின் போக்கையே மாற்றிய கோதவர்மன் வழக்கு கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டைப் பற்றித் தொடங்கியது. 1996 டிசம்பர் 12 உத்தரவில், காடு என்றால் என்ன என்ற கேள்விக்கே உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் சொன்னது. கூடலூரில் முன்பு பரம்பரை நிலக்கிழார்களிடம் இருந்த ஜென்ம நிலங்களின் பிரச்சினை 1969 சட்டத்திலிருந்து இன்றுவரை நீள்கிறது. சீகூர் யானை வழித்தடத் தீர்ப்பு 2020 அக்டோபரில் வந்தது. 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கு வர இ-பாஸ் கட்டாயமானது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். நாடு முழுக்க வகுப்பறைகளில் பேசப்படுகிற வழக்குகள் உங்கள் ஊர்ப் பெயரோடு இருக்கின்றன.

தீர்ப்பைப் படிக்க வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை. யார் யார் வாதி, பிரதிவாதி என்று பாருங்கள். நடந்தது என்ன என்ற பகுதியைப் படித்துவிட்டு நேராகக் கடைசி உத்தரவுக்குப் போங்கள். பிறகு நடுவில் உள்ள காரணங்களுக்குத் திரும்புங்கள். முடித்ததும் ஒரு கேள்வி: இந்த உத்தரவால் வாழ்க்கை மாறுகிறவர்களில் யார் வழக்கில் இல்லை? நல்ல ஆய்வுக் கேள்விகள் பல அங்கேதான் பிறக்கின்றன. அரசுக் கோப்புகள் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ‘எல்லா விவரமும் தருக’ என்று எழுதாமல், எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த ஆவணம் என்று குறித்துக் கேளுங்கள்.

ஆய்வேடு

முதுநிலையில் கடைசி செமஸ்டர் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. நீலகிரியில் அது உறைபனியும் வறட்சியும் காட்டுத்தீயுமான காலம். தவளை, ஓடை, மண்ணரிப்பு, நிலச்சரிவு இவற்றில் எதுவானாலும் அந்த நான்கு மாதத்தில் பாதிதான் கிடைக்கும். ஆகவே முந்தைய ஜூனிலேயே அளக்கத் தொடங்குங்கள். முறையான அனுமதி வருவதற்கு முன், உங்கள் ஊர் ஓடையில் வாரம் ஒரு முறை நீர்மட்டம் குறிப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். ‘நீலகிரியில் அந்நியத் தாவரங்கள்’ என்பது தலைப்பே அல்ல. உண்ணிச்செடியை எடுத்துக்கொண்டால், ஒரு ஊரின் மேய்ச்சல் நிலத்தில் அதை வெட்டிய இடத்திலும் வெட்டாத இடத்திலும் அடுத்த மழைக்குப் பின் என்ன முளைத்தது என்று பார்க்கலாம். அதன் குச்சியில் யானை உருவங்கள் செய்கிற பழங்குடிக் கைவினைஞர்களுக்கு ஓராண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கேட்கலாம். முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்களே, அந்த ஏற்பாட்டின் அரசாணைகளைப் படிக்கலாம். மூன்றும் மூன்று துறை. ஒன்றை ஆழமாகச் செய்து, மற்ற இரண்டைத் துணைக்கு வைத்தால் ஆய்வேடு நிற்கும்.

இரண்டு துறைகள் உண்மையிலேயே சந்திக்கிற கேள்விகளும் உண்டு. செத்த மாடுகளைத் தின்னும் மாயாறு பள்ளத்தாக்கின் பாறு கழுகுகள் ஓர் எடுத்துக்காட்டு. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்து, கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. இன்று மருந்துக் கடையில் எதைக் கேட்டு வாங்குகிறார்கள், செத்த மாட்டைப் புதைக்கிறார்களா, காட்டோரம் போடுகிறார்களா? பறவையை மட்டும் எண்ணினால் இதற்கு விடை வராது; மாடு வளர்ப்பவரிடம் மட்டும் கேட்டாலும் வராது.

வழிகாட்டிகளைப் பொறுத்தவரை, ஒருவர் போதாது. உங்கள் பேராசிரியர் ஒருவர், வேறு துறையிலிருந்து ஒருவர், உள்ளூரில் ஒருவர். ஆனைக்கட்டியில் சலீம் அலி பறவையியல் மையம், கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை, முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் என்று பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சலில் நீண்ட சுயபுராணம் வேண்டாம். உங்கள் கேள்வி என்ன, இதுவரை என்ன அளந்தீர்கள், அவரிடம் என்ன கேட்கிறீர்கள், அவ்வளவே.

அடுத்த கட்டத்துக்கு ஆசிரியர் பணி, ஆராய்ச்சி என்றால் யுஜிசி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக இருக்கிறது. கேட் தேர்வில் சூழலியல், பரிணாமத்துக்கு ஒரு தாளும், 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கு ஒரு தாளும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாவற்றிலும் வரைபடமும் புள்ளியியலும் தெரிந்தவருக்கே முதல் அழைப்பு வரும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு, அதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். எங்கே அளந்தேன், என்ன கிடைத்தது, எது இன்னும் உறுதியில்லை. யார் யாரிடம் பேசினீர்களோ அவர்களுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். தவறென்று அவர்கள் சொல்வதைத் திருத்துங்கள். ஏப்ரலில் வேலை முடிந்தால் மே 1 அன்று கிராம சபை கூடும். ஊராட்சி அலுவலகத்தில் சில நாள் முன்னதாகச் சொல்லி, பொருள்நிரலில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஓடை பற்றிய ஆய்வென்றால் நீங்கள் வரைந்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டு போங்கள். ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றை ஊர்ப் பள்ளியிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.